திமிங்கிலத்தின் முதுகில் இருந்த துளை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தையும் பின்முற்றத்தையும் பிள்ளைகளின் கலைக்கூடமாக மாற்றப்போகிறீர்கள். மூன்று வயது முதல் பத்து வயது வரை, ஒரு வேளைக்கு இருபது பிள்ளைகள். சுவரில் வானவில், மூலையில் கண்ணாடியிழை யானை, கூரையில் தலைகீழாகத் தொங்கும் வண்ணக் குடைகள், வாசல் சுவரில் பெற்றோர் படம் பிடிப்பதற்கு ஒரு சோடி இறக்கை. இவற்றில் எதற்குக் காசைச் செலவழிப்பது, எதை விடுவது, முற்றத்து ஜம்பு மரத்தை இட நெருக்கடிக்காக வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மரத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் பட்டியலில் இருப்பவை எல்லாம் பெயர்ச்சொற்கள். யானை, குடை, வானவில், இறக்கை. அங்கே வருகிறவர் என்ன செய்வார் என்று சொல்லும் வினைச்சொல் ஒன்றே ஒன்றுதான்: படம் பிடிக்க. அதுவும் பெற்றோருக்கு உரியது. ஒரு வெற்றுத்தாளை எடுத்து இந்தப் பெயர்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகள் செய்ய விரும்பும் வேலைகளை மட்டும் எழுதிப் பாருங்கள். ஒளிய, நுழைய, ஊற்ற, உருட்ட, அடுக்க, தட்டிவிட, முடிச்சுப் போட, அவிழ்க்க, ஊத, கத்த, இருட்டில் உட்கார, ஒருவரையும் பாராமல் கொஞ்ச நேரம் சும்மா இருக்க. ஒரு பொருளை வைப்பதற்கு முன் அதனோடு இப்படி நான்கு வினைச்சொல்லாவது ஒட்டுகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். உங்கள் யானைக்கு மூன்று கிடைக்கிறது: தொட, ஏற, இறங்க. பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு அது ஆண்டுக்கணக்கில் மூலையில் நின்று தூசு பிடிக்கும்.

இதை நான் புத்திசாலித்தனத்தால் கண்டுபிடிக்கவில்லை. வருடங்களுக்கு முன் ஒரு முன்பள்ளிக்காகக் காகிதக்கூழில் ஒரு திமிங்கிலம் செய்தேன். பதின்மூன்று அடி நீளம். மூங்கில் சட்டம் கட்டி, பழைய செய்தித்தாள்களை ஊறவைத்து, ஆறு வாரம் உழைத்த வேலை. திறப்புவிழாவில் எல்லோரும் பாராட்டினார்கள். பிள்ளைகள் அதன் வாயைத் தடவிப் பார்த்தார்கள், வயிற்றுக்குள் ஒரு தரம் போய் வந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அதன் முதுகுப்பக்கம், மின்கம்பி இழுப்பதற்காக நான் விட்டு மூட மறந்த ஒரு துளை இருந்தது. மூன்று மாதம் கழித்துத் திமிங்கிலத்தைப் பிரித்தபோது உள்ளே பதினொரு போத்தல் மூடி, புளியங்கொட்டைகள், ஒரு தேக்கரண்டி, யாரோ ஒரு சிறு பிள்ளையின் இடது சப்பாத்து, ஒரு தகப்பனாரின் கார்ச் சாவி எல்லாம் இருந்தன. அந்த மூன்று மாதமும் பிள்ளைகள் விளையாடியது என் திமிங்கிலத்தோடு அல்ல, அந்தத் துளையோடு. போட, விழும் சத்தத்தைக் கேட்க, மறைக்க, இரகசியம் காக்க என்று அதற்கு நான்கு வினைச்சொல்லும் பொருந்தியிருக்கின்றன. அதன்பின் நான் செய்த எல்லாவற்றிலும் வேண்டுமென்றே ஒரு துளை வைத்துவருகிறேன், கீழே திறந்தெடுக்கும் கதவோடு. கார்ச் சாவி விஷயத்தில் பட்ட பாடு போதும்.

பெரிய இடங்களில் பெரியவர்களும் இதே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள். டென்மார்க்கின் நிலத்தோட்ட வடிவமைப்பாளர் சோரன்சன், தான் அமைத்த ஒழுங்கான விளையாட்டுத் திடல்களைவிடப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களில்தான் நேரம் மறந்து கிடக்கிறார்கள் என்று கவனித்தார். 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவே, கோப்பன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில் பலகையும் பழைய பொருள்களும் குவித்த ‘குப்பைத் திடல்’ ஒன்று அதனால் பிறந்தது. ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக்கலைஞர் 1947 முதல் மூன்று தசாப்தங்களில் ஆம்ஸ்டர்டாம் நகரில் எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை அமைத்தார். மணற்தொட்டி, தாண்டிச் செல்லும் கற்கள், வளைந்த இரும்புக் கம்பி. விலங்குருவம் எதையும் அவர் வைக்கவில்லை. கம்பி கம்பியாகவே இருந்தால் பிள்ளை அதைக் குதிரையாகவும் ஆக்கலாம், கடையாகவும் ஆக்கலாம். யானையாகச் செய்து வைத்துவிட்டால் அது யானைதான். பிரித்தானியக் கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971இல் எழுதிய கட்டுரையொன்று இதை இன்னும் நேராகச் சொன்னது: ஓர் இடத்தில் நகர்த்தவும் மாற்றவும் கூடிய உதிரிகள் எவ்வளவு அதிகமோ, அங்கே கண்டுபிடிப்புக்கான வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.

ஜப்பானில் பிறந்த நூலிழைக் கலைஞர் தொஷிகோ ஹொரியுச்சி மக்ஆடமுக்கு நடந்ததும் என் திமிங்கிலக் கதைக்கு உறவுதான். அவர் பின்னிய பெரிய வலைச்சிற்பம் ஒன்றைக் கண்காட்சியில் தொங்கவிட்டிருந்தார். வந்த பிள்ளைகள் அனுமதி கேளாமல் அதற்குள் ஏறிக் குதித்தார்கள். வேறொருவராக இருந்தால் காவலாளியைக் கூப்பிட்டிருப்பார். அவரோ அதற்குப் பிறகு தன் வாழ்நாள் உழைப்பைப் பிள்ளைகள் ஏறும் வலைகளாக மாற்றிக்கொண்டார்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். மூன்று பொருள்களைச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் நான் கொழும்பில் செய்து, உடைந்து, திருத்தி, மறுபடி செய்திருக்கிறேன்.

முதலாவது, குழாய் இசை. பழைய சோனகத் தெருவில் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும் இரண்டங்குல எஸ்லோன் (பிவிசி) குழாய் போதும். இரு முனையும் திறந்த குழாயின் வாயை ரப்பர் செருப்பால் அடித்தால் நல்ல கனமான நாதம் எழும். நீளம் பாதியானால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். ஆதார ஷட்ஜத்துக்கு 120 சென்டிமீட்டர் எடுத்துக்கொண்டால் ரிஷபம் 107, காந்தாரம் 96, பஞ்சமம் 80, தைவதம் 72, மேல் ஷட்ஜம் 60. மத்யமத்தையும் நிஷாதத்தையும் நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். சங்கீதம் படித்தவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும், மிஞ்சி நிற்பது மோகனம். இருபது பிள்ளைகள் கண்டபடி அடித்தாலும் காது கூசாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இந்த அளவுகள் கணக்குப்படியானவை. குழாய் வாய்க்கு வெளியேயும் காற்று சிறிது அதிர்வதால், குறுகிய குழாய்களை இன்னும் ஓரிரு சென்டிமீட்டர் குறைக்க வேண்டி வரும். ஆகவே கணக்களவில் வெட்டி, சுருதிப்பெட்டியை ஓடவிட்டு, அரத்தால் கொஞ்சங்கொஞ்சமாகத் தேயுங்கள். அவசரப்பட்டு வெட்டிய குழாய் மறுபடி வளராது. ஒரு தாழ்ந்த பெஞ்சில் குழாய்களைப் படுக்கவைத்து, மறுமுனைகள் சுவரில் முட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு, தும்புக்கயிற்றால் கட்டுங்கள்.  அண்டை வீட்டார் பகல் தூக்கக்காரர்களா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வதும் நல்லது.

இரண்டாவது, நிழலறை. கூரையில் பொட்டுப்பொட்டாக விளக்கு ஒட்டி நட்சத்திர வானம் செய்யும் யோசனையை விட்டுவிடுங்கள். அண்ணாந்து பார்ப்பதைத் தவிர பிள்ளைக்கு அதில் வேலையில்லை. ஓர் அறையை இருட்டாக்கி, நடுவில் பழைய நாலுமுழ வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். பின்னால் ஏழெட்டு அடி தள்ளி, தரையோடு ஒரே ஒரு சிறு விளக்கு. குழல்விளக்கும் பட்டிவிளக்கும் உதவா, நிழல் கரைந்துவிடும். ஒளி எவ்வளவு சிறிய புள்ளியிலிருந்து வருகிறதோ நிழல் அவ்வளவு கூர்மையாக விழும். விளக்கை நோக்கி நடக்கும் பிள்ளை திரையில் இராட்சதன் ஆகும், திரையை நோக்கி வந்தால் மறுபடி சுண்டைக்காய் ஆகும். இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டலாம். சில வாரம் கழித்து அந்த விளக்கை எடுத்துவிட்டு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகளைப் பக்கம் பக்கமாக வையுங்கள். மூன்றும் சேரும் இடத்தில் திரை கிட்டத்தட்ட வெள்ளையாகத்தான் தெரியும். ஆனால் குறுக்கே ஒரு கை நீண்டதும் நிழல் மூன்றாகப் பிரிந்து மஞ்சள், மெஜந்தா, இளநீலம் என்று விரியும். நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளையொன்று ஒரு விளக்கைக் கையால் பொத்திப் பார்த்து, எந்த நிழல் எந்த விளக்கால் வருகிறது என்று தானே துப்புத் துலக்கும்.

புத்தரின் முழுநிலா விழாவான வெசாக் முடிந்த மறுநாள் தெருவில் நடந்து பாருங்கள். மூங்கில் ஈர்க்கில் கட்டிய எண்கோண விளக்குக் கூடுகள், டிஷூ தாள் கிழிந்து, மழையில் நனைந்து, மதிலோரம் கிடக்கும். கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். அவற்றின் சட்டங்களை எடுத்து, பிள்ளைகளைக் கொண்டே புதுத்தாள் ஒட்டவைத்து, நிழலறைக்குப் போகும் நடையில் தொங்கவிடலாம். படங்களாலும் மின்விளக்குகளாலும் கதை சொல்லும் அந்தக் காலத்துப் பெரிய வெசாக் தோரணங்களின் பின்னால் போய் எட்டிப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பெரிய உருளை சுழலும். அதில் பதித்த உலோகத் தகடுகள் தொட்டுத் தொட்டு விலக, முன்னால் நூற்றுக்கணக்கான பல்புகள் ஓடி விளையாடும். சிறுவயதில் எனக்கு முன்பக்கத்துக் கதையைவிடப் பின்பக்கத்து உருளைதான் பிடிக்கும். உங்கள் கூடத்திலும் பின்பக்கத்தை மறைக்காதீர்கள். கயிறு எங்கே போகிறது, கப்பி எப்படிச் சுழல்கிறது என்பது தெரியட்டும்.

ஒட்டுவதற்குக் கோதுமைமாப் பசை காய்ச்சலாம். பூச்சி அரிக்காமல் இருக்கத் துருசு போடுவது பழைய வழக்கம். அது நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். கரப்பான் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும், மறுபடி ஒட்டுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது, எழுத்துருளை. ஒரே இரும்புக்கம்பியில் பக்கம் பக்கமாகச் சுழலும் மூன்று மர உருளைகள். தச்சு பாஸிடம் முப்பது சென்டிமீட்டர் விட்டம் என்று சொல்லுங்கள். சுற்றளவு ஏறத்தாழ 94 வரும், பதினெட்டு எழுத்துக்கு ஒன்றுக்கு ஐந்து சென்டிமீட்டர் இடம் கிடைக்கும். நடு உருளையில் க முதல் ன வரை பதினெட்டும். இடது உருளையில் வெற்றிடம், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு. வலது உருளையில் வெற்றிடம், அரவு (துணைக்கால்), ஔகாரத்துக்கு வரும் ளகர வடிவம். ஒற்றைக்கொம்பையும் அரவையும் வைத்து நடுவில் சுழற்றினால் கொ, ஙொ, சொ, ஞொ என்று ஓடும். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு உருளையைச் சுழற்றி, நின்ற இடத்தை உரக்க வாசித்து விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஙௌ என்ற எழுத்தை வாழ்க்கையில் வேறெங்கே வாசிக்கக் கிடைக்கும்? இந்த ஏற்பாட்டில் உயிர்மெய் 216இல் 144 கிடைக்கின்றன. இகர, ஈகாரம் தலையில் ஏறிக்கொள்வதாலும், உகர, ஊகாரம் ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு விதமாக ஒட்டிக்கொள்வதாலும் மீதி 72 உருளைக்கு அடங்குவதில்லை. ‘ஏன் கு வரவில்லை?’ என்று ஒரு பிள்ளை வந்து கேட்கும் நாளில் உங்கள் உருளை தன் வேலையைச் செய்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கொழும்பில் இதற்கு இன்னொரு அழகும் உண்டு. சிங்களத்திலும் எகர அடையாளம் எழுத்துக்கு முன்னால்தான் வரும், அதன் பெயரும் ‘கொம்புவ’. ஒகரத்துக்கு அங்கேயும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அருகிலேயே ஒரு சிங்கள உருளையும் வைத்தால், தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளும் சிங்களப் பள்ளிப் பிள்ளைகளும் ஒருவர் எழுத்தை மற்றவர் சுழற்றிப் பார்ப்பார்கள். ஒற்றுமை பற்றிச் சுவரொட்டி எதுவும் மாட்ட வேண்டாம். கைவேலை போதும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். குடைகள் வேண்டாம், கொழும்புத் தூசியில் ஒரு மாதத்தில் வௌவால்போல் ஆகிவிடும். வானவில் சுவருக்குப் பதில் வெறும் வெள்ளைச் சுவரும் பழைய மேசை நாற்காலியும் வெள்ளையடித்து வையுங்கள். ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 2002இல் பிரிஸ்பேனில் உள்ள குவீன்ஸ்லாந்து கலைக்கூடத்தில் அப்படித்தான் செய்தார்: முழு வெள்ளையாக ஒரு வீட்டறை, வரும் பிள்ளைகள் கையில் வட்ட ஸ்டிக்கர்கள், நாளடைவில் வெள்ளையே தெரியாமல் போகும். நமக்கு ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் இருக்கின்றன. புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கலாம். இறக்கைச் சுவரை வைத்துக்கொள்ளுங்கள். அது பெற்றோரை வாசலோடு நிறுத்திவைக்கும், உள்ளே பிள்ளைகளுக்கு நிம்மதி.

எதைத் தொங்கவிட்டாலும் உயரத்தைப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். வடிவமைப்பாளர்கள் படத்தைத் தங்கள் கண்ணுக்கு நேரே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிள்ளைக்குத் தெரிவது சட்டத்தின் அடிவிளிம்பும் பல்லியும். முழந்தாளிட்டு ஒரு முறை வீடு முழுக்கச் சுற்றி வாருங்கள்.

இனிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை. உங்கள் வீடு பழையது என்றீர்கள். ஜன்னல் கம்பிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். விளையாட்டுத்தளப் பாதுகாப்பு அளவுகளின்படி எந்தத் திறப்பும் 89 மில்லிமீட்டருக்குக் குறைவாகவோ 230க்கு மேலாகவோ இருக்க வேண்டும். இடைப்பட்டதில் பிள்ளையின் உடல் நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். நாலங்குல இடைவெளியுள்ள பழைய கிறில் சரியாக அந்த ஆபத்துக்குள் விழுகிறது. நீங்கள் கட்டும் ஒளிவிடங்களின் வாசலுக்கும் இதே கணக்கு. விரலுக்கு 8 முதல் 25 மில்லிமீட்டர் வரை ஆபத்து, ஆகவே எழுத்துருளைகளுக்கு நடுவே ஐந்துக்கு மேல் விடாதீர்கள். பழைய கதவுகளின் எனாமல் பூச்சில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூசுதான் கெடுதல். விளக்குகள் எல்லாம் 12 வோல்ட், அடப்டர் எட்டா உயரத்தில், டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பொத்தான் பற்றரி போட்ட மினுக்குப் பொருள் எதையும் உள்ளே விடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். கழுத்தில் மாட்டக்கூடிய சுருக்குக் கயிறும் கூடாது.

டெங்கு. 2017இல் நாட்டில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. முற்றத்தில் டயர் வைப்பதானால் அடியில் துளையிடுங்கள். மூங்கிலைக் கணுவுக்கு மேலே வெட்டினால் ஒவ்வொரு கணுவும் ஒரு கிண்ணம், மணலால் நிரப்புங்கள். ஒரு தடவை என் மூங்கில் வேலி ஒன்றில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டோர்ச் அடித்துக் காட்டிய புழுக்களை இன்னும் நினைவிருக்கிறது. முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும்; ஆகவே வாரம் தவறாமல் ஒரு நாள் எல்லாப் பாத்திரங்களையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு, டோர்ச்சைக் கொடுத்துப் பாருங்கள்.

கடற்காற்று உங்கள் பக்கம் இரும்பைத் தின்னும். சாதாரண ஆணி ஒரு மழைக்காலம் தாண்டாது. திருகாணிகளைத் துருப்பிடிக்காத உருக்கில், 316 தரத்தில் கேட்டு வாங்குங்கள். அல்லது கட்டிவிடுங்கள், கயிற்றை மாற்றுவது எளிது. கையிலுள்ள காசில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள். திறந்த முதல் மாதத்தில் பிள்ளைகள் எதை எப்படி உடைக்கிறார்கள் என்று பார்த்துத்தான் உண்மையான வடிவமைப்பு தொடங்கும். வண்ணம் பூசுவதற்கு முன்பே ஐந்தாறு பிள்ளைகளை அழைத்து, அட்டையிலும் கயிற்றிலும் செய்த மாதிரிகளோடு ஒரு பின்னேரம் விட்டுவிடுங்கள். நீங்கள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், பார்த்ததை எழுதுங்கள். வாய் திறக்காமல் இருப்பதுதான் கடினம்.

ஜம்பு மரத்தை வெட்டாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் மரத்தடி முழுக்க இளஞ்சிவப்புப் பூவிழைகள் உதிர்ந்து பாய் விரித்ததுபோல் கிடக்கின்றன. அதைக் கூட்டிப் பெருக்குவது வேலைக்கார அம்மாவுக்குத் தொல்லை என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு நான்கு சிறிய விளக்குமாறும் நான்கு கடகமும் வாங்கிக் கொடுத்து, பிள்ளைகள் வரும்வரை கூட்டாமல் விடச் சொல்லுங்கள்.